தப்பு விழுந்த வரி

தேர்வுப் பிரிவில் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. வினாத்தாள் அறையின் சாவி பத்தொன்பது வருடமாக அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. அங்கே பட்டம் வாங்கிப் போன பிள்ளைகள் பேராசிரியர்களாகத் திரும்பி வந்து அவளையே அதட்டும் அளவுக்கு அவள் அந்தப் பல்கலைக்கழகத்தில் பழசாகிவிட்டாள்.

மதிப்பெண் பட்டியலோ, அழைப்பிதழோ, எதுவானாலும் வெளியே போகுமுன் அவள் மேஜைக்கு வர வேண்டும். பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த இடத்தைத் திருத்திவிடுவார்கள், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். இந்த வேலை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுத்ததல்ல. “உங்க கண்ணு யாருக்கு வரும்” என்று யாரோ ஒருநாள் சொன்னார்கள், அவளும் உச்சி குளிர்ந்து தலையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு சுலபத்தில் குளிரக் கூடாத உச்சி அது.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை ஊழியர் பட்டியல் வந்தது. நிதிப் பிரிவில் புதுக் கணினி முறைக்கு மாறுகிறார்கள், பெயர், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். அவள் வரிக்கு மேல் வரி தம்பியுடையது. தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் அதே பதவியில் வந்து சேர்ந்தவன். விடைத்தாளில் பதிவெண்ணைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவதிலிருந்து கட்டுக்கு அரக்கு வைப்பது வரை அவள் சொல்லிக் கொடுத்தது. பட்டியலில் அவன் சம்பளம் அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது.

அவள் சிரித்தாள். தட்டச்சு செய்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அழகாக ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘தப்பு விழுந்திருக்கிறது’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் நிதிப் பிரிவு எழுத்தர் தானே நேரில் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, அது தப்பில்லக்கா.”

“பின்ன?”

“ரெண்டு வருஷம் முன்னாடி வேற பல்கலைக்கழகத்துல அவருக்கு வேலை கெடைச்சுதுல்ல? அந்த லெட்டரக் கொண்டுபோய்ப் பதிவாளர் மேஜைல வச்சாரு. போகாதீங்கன்னு ஏத்திக் குடுத்துட்டாங்க. நான்தான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அந்த வேலைக்கு அவன் விண்ணப்பித்தபோது அனுபவச் சான்றிதழ் எழுதியது சாவியக்காதான். அந்தப் பிரிவில் யாருக்கு வேண்டுமானாலும் அவள்தான் எழுதுவாள், பதிவாளர் கையெழுத்து மட்டும் போடுவார். தம்பிக்கு முழுப் பக்கம் எழுதியிருந்தாள். இவரின்றி இப்பிரிவின் பணிகள் தடைப்படும் என்றுகூட எழுதினாள். அவன் கடைசியில் போகவில்லை. “உங்களையெல்லாம் விட்டுட்டுப் போக மனசு வரலக்கா” என்றான். அதை நம்பி வீட்டில், பஸ்ஸில், பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவளுக்கும் ஒரு கடிதம் வந்ததுண்டு, எட்டு வருடத்துக்கு முன். பதிவாளர் “நீங்க போனா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிம்மா” என்றார். அவர் எதிரிலேயே அதைக் கிழித்துப் போட்டாள். கை என்று சொன்னவர் அந்தக் கைக்கு ஒரு வளையல்கூடப் போடவில்லை.

அன்று முதல் அவள் கண் பிழை பார்ப்பதை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்க்க ஆரம்பித்தது. அவன் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, அவளுடையதற்கு ஒரு கால் ஆடுகிறது. மேலதிகாரிகள் அவனை சார் என்கிறார்கள், அவளை வாம்மா என்கிறார்கள். அவன் ஐந்து மணிக்குப் பையைத் தூக்குகிறான், சாவியை வைத்துக்கொண்டு இவள் ஏழு வரை உட்கார்ந்திருக்கிறாள். அவன் சிரித்தால் எரிந்தது. அவன் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தால் இன்னும் எரிந்தது. இதற்குப் பொறாமை என்றுதான் பெயர், அவளுக்கும் அது தெரியும்.

“நல்ல பையன்தானே அவன்” என்றார் கணவர்.

“நல்லவன்தான். அதான் வாய்விட்டுத் திட்டக்கூட முடியல.”

வியாழக்கிழமை பதிவாளர் அறைக்குப் போய்த் தன் சம்பளத்தையும் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவர் குடும்பஸ்தரும்மா. செலவு இருக்கும்.”

“நான் மட்டும் என்ன சத்திரத்துலயா இருக்கேன் சார்?”

“உங்க வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறாருல்ல.”

“அவர் பொண்டாட்டியும் சம்பாதிக்கிறா சார். பேங்க்ல.”

பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “விதின்னு ஒண்ணு இருக்கும்மா. வேற எடத்துலேருந்து லெட்டர் கொண்டாங்க, பார்க்கலாம். ஆனா நீங்க எங்க போகப் போறீங்க? நீங்க வீட்டு ஆள் மாதிரி.”

அன்றைக்கே, எட்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கடிதம் அனுப்பிய கல்லூரிக்கு போன் செய்தாள். இடம் இருக்கிறது, விண்ணப்பத்தையும் அனுபவச் சான்றிதழையும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்றார்கள். தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது. அவளுக்கு அடுத்தபடியாக அதை எழுத வேண்டியவன் தம்பி.

திங்கட்கிழமை காலையில் அவன் மேஜை முன்னால் போய் நின்று சான்றிதழ் கேட்டாள். சிவப்பு வட்டத்தின் கதை அவன் காதுக்கும் போயிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்தான்.

“சும்மா காட்டுறதுக்காக்கா, இல்ல நெஜமாவே போறீங்களா?”

“நீ அன்னிக்கு எங்கிட்டச் சொன்னியா?”

அவன் அடித்து முடித்த தாளை எடுத்து நீட்டினான். மொத்தம் நாலு வரி இருந்தது. நேரம் தவறாதவர். அனைவரிடமும் அன்பாகப் பழகுபவர். பொறுமையானவர். பத்தொன்பது ஆண்டுகளில் தமக்கென்று எதையும் கேட்டதில்லை.

வினாத்தாள் அறை அதில் இல்லை. ஒரு தடவைகூட வெளியே கசியாத முப்பத்தெட்டுத் தேர்வுகள் இல்லை. அவன் மனதறிந்து குறைத்து எழுதவில்லை, அவனுக்குத் தெரிந்த அக்கா அவ்வளவுதான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவனுக்கு அவள் எழுதியதோ முழுப் பக்கம்.

பேனாவை எடுத்தாள். கடைசி வரியைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டாள்.

“இந்த வரியில தப்பு விழுந்திருக்கு தம்பி. வியாழக்கிழமை கேட்டுட்டேன்.”

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் அருகில் உட்கார்ந்தாள்.

“மொதல்லேருந்து அடி, நான் சொல்றேன்.”