இடுப்பைப் பார்த்துப் பயப்படு

வெள்ளிமலை பஸ் கள்ளக்குறிச்சி ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பியபோது காலை ஏழு மணி. என் கணவர் ரஃபீக்கின் சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஊசியும் மருந்தும். போன வருஷம் எங்கள் மொட்டை மாடியில் குளவி கொட்டி எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மறுபடி கொட்டினால் ஆஸ்பத்திரி போகும்வரை தாங்காது என்று சொல்லி, டாக்டர் அவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்திருந்தார். அதிலிருந்து மஞ்சளாக எது பறந்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். மாடியில் துணி காயப்போடுவதுகூட அவர் வேலையாகிவிட்டது.

எது கொட்டும், எது கொட்டாது என்று செல்போனில் படம் பார்த்துப் படித்தேன். படம் பார்த்தால் பயம் போகுமா? எங்கள் ஜவுளிக் கடைக்குப் பொங்கல்தோறும் வரும் வெள்ளிமலை லட்சுமி, "எங்க வூட்டாண்ட வாங்கக்கா, எல்லாப் பூச்சியும் பறந்துகினு இருக்கும்" என்றதும் கிளம்பிவிட்டேன். பயந்தாங்கொள்ளிக்கு வந்த வீம்பு.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை. காற்று சுகமாக இருந்தும் ஜன்னல் கதவை நான் திறக்கவேயில்லை. வெள்ளிமலையில் பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, லட்சுமியோடு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம்.

அவள் வீட்டுப் பின்னால் கடுகு பூத்திருந்தது. மஞ்சள் கோடு போட்ட ஒன்று நின்ற இடத்திலேயே பறந்தது. ரஃபீக்கின் கையை இறுக்கிப் பிடித்தேன். முகம் முழுக்கக் கண், குட்டையான உணர்கொம்பு, இரண்டே இறக்கை. குளவி வேஷம் போட்ட வெறும் ஈ. இலைமேல் இன்னொன்று, ஆரஞ்சு நிறம். இறக்கை நாலு, ஆனால் இடுப்பே இல்லை. நெஞ்சும் வயிறும் ஒரே தடிமன். ரம்ப ஈ. பின்பக்கத்து ரம்பத்தால் இலையைக் கீறி முட்டை வைக்கும், கொட்டாது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நெசக் குளவியத் தூரத்துலருந்து காட்றேன்" என்று லட்சுமி காட்டுப்பாதையில் கூட்டிப்போனாள். ரஃபீக் முன்னால் போனார். பாதைக்குக் குறுக்கே பச்சைக் கிளை ஒன்று கிடந்தது. கடையில் பெண்கள் வந்தால் ஸ்டூலை ஒதுக்கி வழிவிடும் மனுஷன் அவர். எனக்காகக் குனிந்து கிளையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அய்யோ, அத்த இன்னாத்துக்குண்ணே எடுத்தீங்க?" லட்சுமியின் குரல் இறங்கிவிட்டது. "கதண்டுக் குளவி கூடு இருந்தா இங்க கிளை போட்டு வெப்பாங்க. சுத்திக்கினுதான் போவணும்."

கிளை இழுபட்டதில் புதர் அசைந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து இறக்கைகளின் உறுமல் கேட்டது. ஒன்று வந்து என் முந்தானைமேல், தோளில் உட்கார்ந்தது. கறுப்பு உடம்பு, வயிற்றில் ஒரு மஞ்சள் பட்டை, நீளவாக்கில் மடித்த இறக்கை, நூலாக இடுப்பு. சந்தேகமே இல்லை. இது அதுதான்.

"அசையாதீங்கக்கா."

ரஃபீக் பெட்டியைத் திறந்துவிட்டார். நான் செத்தேன் என்றே நினைத்தேன், பிள்ளைகள் முகம் வந்தது. அது என் கழுத்துவரை ஊர்ந்தது. நின்றது. பறந்துபோனது.

நாங்கள் மெல்லப் பின்வாங்கினோம். கொஞ்ச தூரம் வந்ததும் ரஃபீக் நின்றார். வேறொரு பச்சைக் கிளையை ஒடித்துப் பாதையில் குறுக்கே போட்டார். பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் ஈரத்துணி வாளியை நானே மாடிக்குத் தூக்கிப்போனேன். கொடிக்கயிற்றில் மஞ்சளாக ஒன்று. கிட்டப் போய் இடுப்பைப் பார்த்தேன்.

கீழிருந்து ரஃபீக், "இன்னாம்மா, வரட்டுமா?" என்றார். அவர் கையில் பெட்டி இருந்தது.

"வேணாங்க, ஈதான்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே அவர் சட்டையைக் காயப்போட்டேன்.