பிளேஸ்டோவில் சீட் கேட்டவள்

வியாழன் காலை ஏழு மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். குடிவரவு மேசையில் இருந்த அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளித் தோழியைப் பார்க்க என்றேன். தோழி என்ன செய்கிறார் என்றார். முதியோர் இல்லத்தில் வேலை, இப்போது கவுன்சில் தேர்தலில் நிற்க இடம் கேட்கிறாள் என்றேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, முத்திரை குத்திவிட்டு, "கிடைக்கட்டும்" என்றார்.

எலிசபெத் லைன் ரயில் மானோர் பார்க் வரைக்கும் பதின்மூன்று பவுண்டுக்கு மேல் பிடித்தது. நம் கணக்கில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிட்ட. திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பியே வந்துவிடலாம் என்று வயிறு எரிந்தது. விட்சாப்பலில் வண்டி மாறி, மழைத் தூறலில் மானோர் பார்க் நிலையத்து வாசலுக்கு வந்தபோது யோகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கோட்டுக்குள் இல்லத்தின் ஊதாச் சட்டை தெரிந்தது.

"வந்திட்டாயடி மீனா. நித்திரை கொள்ளுறதெண்டால் மத்தியானம் வரைக்கும் கொள்ளு. பிறகு வேலை இருக்கு" என்றாள்.

யோகா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக எங்கள் ஊருக்கு வந்தவள். மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் என் பக்கத்து இடம் அவளுடையது. பிறகு அவள் லண்டன் போனாள். நான் அதே ஊரில் கல்யாணம் செய்து, கட்சியில் சேர்ந்து, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தேன். இப்போது மகளிர் அணியில் மாவட்டப் பொறுப்பு. கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். அவள் கட்சியின் பெயரும் வேண்டாம். எந்தக் கட்சியின் பெயரைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும்.

இந்தப் பயணம் பல வருடங்களாகத் தள்ளிப்போனது. போன மாதம் அவள்தான் போனில் சொன்னாள்: "வாற மே மாதம் எலெக்சன். பிளேஸ்டோ பக்கம் எங்கட கட்சிக்கு ஒரு இடம் காலியா இருக்கு. கேக்கப் போறன். வந்து பக்கத்தில நில்." அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை.

வெள்ளி பிற்பகல் மூன்று மணி. லண்டன் வந்தவர்கள் பார்க்கும் பாலம், கோபுரம், அரண்மனை எதையும் நான் பார்க்கவில்லை. நாடாளுமன்றக் கட்டடத்தையாவது காட்டு என்றதற்கு யோகா, "அது எங்கயும் ஓடிப் போகாது. பிளேஸ்டோவில கதவு தட்ட இன்னும் இருவது வீடு கிடக்கு" என்றாள். இரண்டு பஸ் மாறினோம். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் ஏறினாலும் ஒன்றே முக்கால் பவுண்டுதான். இதை மட்டும் நம் ஊருக்கு எடுத்துப் போகலாம்.

பிளேஸ்டோ தெருக்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். வாசலில் கவுன்சிலின் குப்பைத் தொட்டிகள், சில கதவுகளில் மாவிலைத் தோரணம், சிலவற்றில் அரபி எழுத்து, சிலவற்றில் கால்பந்துக் குழுவின் சின்னம். முறையை யோகா விளக்கினாள். அந்த வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். இருவர் திரும்பவும் நிற்கிறார்கள், ஒருவர் விலகுகிறார். அந்த ஓர் இடத்துக்கு வேட்பாளர் யார் என்று வட்டாரத்துக் கட்சி உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி ரகசிய வாக்குப் போடுவார்கள். கேட்பவர்கள் இரண்டு பேர்: இவள், இன்னொருவர் வங்கியில் வேலை பார்க்கும் ரமணன் என்ற இளைஞர். அவரும் தமிழர்தான், கட்சிக்கு வந்து இரண்டு வருடம். யோகா பதினோரு வருடமாகத் துண்டறிக்கை கொடுத்தவள்.

நம் ஊரில் வேட்பாளரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதை நான் பார்த்ததில்லை. சென்னையில் நேர்காணல் நடக்கும், பிறகு பட்டியல் வரும். கதவு தட்டிக் கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

கானாவிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாள் யோகாவைக் கட்டிப்பிடித்து உள்ளே கூப்பிட்டார். ஒரு வங்காள அம்மா தன் வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சைக்காக யோகா கவுன்சிலோடு சண்டை போட்டதை என்னிடம் கைகளாலேயே நடித்துக் காட்டினார். அடுத்த தெருவில் ஒரு தமிழ் வீடு. கதவைத் திறந்தவர் நாற்பது வயதுக்காரர்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் ரமணனுக்கெண்டு முடிவெடுத்திட்டம்" என்றார்.

"பரவாயில்லை தம்பி. உங்கட மனுசி சுகந்தி வீட்டில நிக்கிறாவோ?"

"ஏன்?"

"அவவும் மெம்பர்தானே. அவவிட்டயும் கேக்க வேணும்."

அவர் சிரித்தார். "அது நான் ரெண்டு பேருக்கும் சேத்துச் சந்தா கட்டினது அக்கா. அவ அரசியலுக்கு வாற ஆளில்லை."

உள்ளேயிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். யோகா குரலை உயர்த்தாமல், அவளைப் பார்த்துச் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு, சேர்ச் ஹோலில. உங்களுக்கும் ஒரு வோட்டு இருக்கு பிள்ளை. ஆருக்குப் போட்டாலும் வந்து போடுங்கோ." சுகந்தி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

தெருமுனையில் நான், "போய்ச் சேரும்னு நினைக்கிறியா?" என்றேன்.

"தெரியாது. சொல்லாமல் விட்டால் சேராது எண்டு தெரியும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு மணி அடித்தது. யோகாவின் கணவர் குகன் கதவைத் திறந்தார். அவர் லண்டன் பஸ் ஓட்டுநர். நான் அங்கே இருந்த நாட்களில் அவர் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். வந்தவர் ஊர்ச் சங்கத்துத் தலைவர் பாலா அண்ணை, கூட இரண்டு பேர். யாழ்ப்பாணத்துக்காரர்கள் நடத்தும் அந்தச் சங்கத்தின் பேச்சுக்குப் பிளேஸ்டோ தமிழர்களிடம் மதிப்பு உண்டு. பாலா அண்ணை கெட்டவர் இல்லை. யோகா கையில் ஒரு பையோடு லண்டனுக்கு வந்த புதிதில் அவளுக்கு அறை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

தேநீர் வந்தது. வானிலை, கோயில் திருவிழா, ஒருவருடைய முழங்கால் ஆபரேஷன் எல்லாம் பேசி முடிந்தபிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ரெண்டு தமிழாக்கள் மோதினால் எங்களுக்குத்தான் நட்டம். ரமணன் படிச்ச பெடியன், நல்ல இங்கிலீஸ். நாளைக்குப் பார்லிமென்ட் வரைக்கும் போவான். நீங்கள் இந்த முறை விட்டுக் குடுங்கோ. அடுத்த முறை நாங்களே உங்களை நிக்க வைக்கிறம்."

யோகா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போன முறையும் இதைத்தானே அண்ணை சொன்னனீங்கள்."

"அப்ப பக்கத்து வட்டாரத்தில கேளுங்கோ. அங்க உங்களுக்குப் போட்டியே இல்லை."

"அங்க எங்கட கட்சி ஒருக்காலும் வெண்டதில்லை. அதாலதான் போட்டி இல்லை."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். பாலா அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் இந்தியாவில கவுன்சிலரா இருந்தனீங்களாம். கட்சிக் கட்டுப்பாடு தெரிஞ்ச ஆள். நீங்கள் சொல்லுங்கோ இவவுக்கு."

விருந்தாளியாகப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நாகரிகம். ஆனால் கேட்டுவிட்டார்.

"எங்க ஊர்லயும் இதே மாதிரி டீ குடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க அண்ணா. சட்டமன்றத் தொகுதிக்கு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் 'அடுத்த முறை பாத்துக்கலாம்மா'ன்னாங்க. தலைவர் வந்தா ஆரத்தித் தட்டு எடுக்க எங்களைக் கூப்பிடுவாங்க, கூட்டத்துக்கு முன்வரிசை நாற்காலி நிரப்பக் கூப்பிடுவாங்க. பட்டியல் வரும்போது எங்க பேரு இருக்காது. நான் அவளை விட்டுக்கொடுன்னு சொல்ல மாட்டேன்."

யோகா எழுந்து நின்றாள்.

"அண்ணை, நீங்கள் எனக்குச் செய்தது நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். உங்கட வீட்டில என்ன அலுவல் எண்டாலும் முதல் ஆளா வந்து நிப்பன். ஆனா இதில விலக ஏலாது. ரமணன் வெண்டால் அவனுக்கு நானே லீப்லெட் குடுப்பன். வெல்லட்டும் பாப்பம்."

பாலா அண்ணை முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். குகன் முதன்முதலாக வாயைத் திறந்தார்: "அண்ணை, தேத்தண்ணி ஆறுது."

அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். யோகா கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவி, மிச்சமிருந்த ஆறு வீடுகளுக்குப் போக ஷூவை மாட்டினாள். நானும் மாட்டினேன்.

ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண் என் மேல் இரக்கப்பட்டு, வெளிக்கூடத்தில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மண்டபக் கதவின் கண்ணாடி வழியாக மேடையின் பாதியும் முன் வரிசைகளும் தெரிந்தன, பேச்சும் கேட்டது.

ரமணன் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார், பொய் சொல்லக்கூடாது. அடுத்து யோகா. நீலச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. அவளுடைய ஆங்கிலத்தில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. வீட்டுச் சுவரின் பூஞ்சை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் சம்பளம், இரவில் விளக்கெரியாத ஒரு சந்து என்று, தான் கால்வைத்த இடங்களைப் பற்றி மட்டும் பேசினாள். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர், வேலையும் குடும்பமும் இருக்க மாலை நேரக் கூட்டங்களுக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்டார். ரமணனிடம் அந்தக் கேள்வி வரவில்லை.

"பதினைந்து வருடமாக இரவு முழுவதும் வேலை செய்கிறேன். மாலை ஏழு மணி எனக்குக் காலை மாதிரி. நான் பயப்படுவது பஸ் பிந்துவதற்கு மட்டும்தான். என் கணவரே பஸ் ஓட்டுகிறார், அவரைக் கேளுங்கள்" என்றாள். மண்டபம் சிரித்தது. முன் வரிசையில் குகன் தலையைக் குனிந்துகொண்டார்.

வாக்குப் போட எழுந்த சமயம் வெளிக்கதவு திறந்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சுகந்தி வந்தாள், தனியாக. மூச்சு வாங்கியது. அவள் கணவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். அவளைக் கண்டதும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"பிள்ளையை ஒருக்காப் பாக்கிறீங்களோ?" என்று என்னிடம் கேட்டாள். வண்டியைப் பிடித்துக்கொண்டேன். பேச்சுகள் முடிந்த பிறகு வந்தவளை அனுமதிப்பதா என்று வாசலில் கொஞ்சம் விவாதம் நடந்தது. பெட்டி இன்னும் மூடப்படவில்லை, அனுமதிக்கலாம் என்று முடிவானது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"யாருக்குப் போட்டீங்க?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"அதை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சிரித்துக்கொண்டே வண்டியை வாங்கினாள். அந்தச் சிரிப்பை நான் அங்கே பார்க்காத எல்லாக் கோபுரங்களுக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு வாக்கு வித்தியாசத்தில் யோகா தேர்வானாள். கதவைத் திறந்து வைத்து அறிவித்தபோது அவள் கத்தவில்லை. ரமணனிடம் போய்க் கை கொடுத்தாள். அவரும் மரியாதையாக, "நான் உங்களோட வேலை செய்யிறன் அக்கா" என்றார். பாலா அண்ணை எழுந்து வந்தார். நான் திகைத்துப் பார்க்க, "எங்கட ஆள் வெண்டிட்டா, எல்லாரும் ஒரு படம் எடுப்பம்" என்று சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டார். ஆண்கள் வரிசையாக நின்றார்கள். யோகா ஓரத்துக்குத் தள்ளப்பட்டாள். நம் ஊர்ச் சுவரொட்டியின் அடியில் மகளிர் அணிப் படம் போடுவார்களே, அந்த இடம். அவள் நடந்து வந்து வரிசையின் நடுவில் நின்றாள். இரண்டு பக்கமும் ஆட்கள் விலக வேண்டியதாயிற்று. படம் எடுத்து முடிந்ததும், "அண்ணை, சனிக்கிழமை பத்து மணிக்கு லீப்லெட் குடுக்கப் போறம். நீங்களும் வாங்கோ" என்றாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓம், வாறன்" என்றார்.

ஜெயித்தாயிற்று என்று எழுதிவிட முடியாது. மே மாதத் தேர்தல் பாக்கி இருக்கிறது. அதற்குமேல் கவுன்சில், அதற்குமேல் அவள் எனக்குக் காட்டாமல் விட்ட நாடாளுமன்றம். அங்கே நிற்க இடம் கேட்கும் நாள் வந்தால் இன்னும் பெரிய வரவேற்பறையில் இன்னும் நல்ல தேநீரோடு யாராவது வருவார்கள் என்று அவளுக்கே தெரியும்.

செவ்வாய் மதியம் ஹீத்ரோ. யோகா இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குகன் வந்து வழியனுப்பினார். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஊரில் அப்போது மாலை. எங்கள் மாவட்டச் செயலாளரைக் கூப்பிட்டேன். அவரை நாங்கள் எல்லோரும் 'மாவட்டம்' என்றுதான் சொல்வோம்.

"என்னம்மா, லண்டன்லாம் நல்லாச் சுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே. சட்டமன்றத்துக்கு விருப்ப மனு எப்ப வாங்குறாங்க?"

"வாங்குவாங்கம்மா. நீங்க ஏன் அவசரப்படுறீங்க? பெண்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு சட்டமே வந்துருச்சு. அது நடைமுறைக்கு வரட்டும். அப்ப மகளிர் தொகுதி எதுன்னு பாத்து, உங்களுக்குத்தான் முதல்ல."

"வரட்டும்ணே. அப்ப அதுக்கும் பணம் கட்டுறேன். இந்த முறை பொதுத் தொகுதிக்குக் கட்டுறேன். நேர்காணலுக்கு முன்னாடி நம்ம தொகுதியில ஒவ்வொரு கிளைச் செயலாளர் வீட்டுக் கதவையும் தட்டப் போறேன். உங்க வீட்டுலதான் ஆரம்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலைல அண்ணி இருப்பாங்கல்ல?"

"அவ இருப்பா. அவளை எதுக்கும்மா கேக்குறீங்க?"

"அவங்களும் கட்சி உறுப்பினர்தானேண்ணே" என்றேன்.