பௌதி என்றால் போடி இல்லை

அன்று காலை அருக்காணியின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார் டிராவல்ஸின் புது மேனேஜர் பார்த்தசாரதி. விக்டோரியா மாளிகை, ஹவுரா பாலம், நியூ மார்க்கெட் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் இருந்த கரியாஹாட்டை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"பிளாட்பாரக் கடையில என்னம்மா இருக்கு? ஏசி மால் போதும். உனக்குப் பதிலா டிகிரி முடிச்ச கைடு ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கேன். இன்னைக்கு நான் சொன்னபடி நீ நடந்தாத்தான் நாளைக்கு வேலை."

எட்டாவதோடு நின்றவள் அருக்காணி. ஈரோட்டிலிருந்து ரயில்வே கேங்மேனைக் கட்டிக்கொண்டு கொல்கத்தாவின் டாலிகஞ்சுக்கு வந்தபோது வங்காள மொழியில் ஒரு சொல் தெரியாது. கரியாஹாட் கடைகளில் பேரம் பேசிப் பேசியே கற்றாள். பதினொரு வருடமாகத் தமிழ்நாட்டுக் கூட்டங்களுக்கு இந்த ஊரைக் காட்டுகிறாள். தான் படித்த பள்ளிக்கூடத்தையே ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

விக்டோரியா ஆயிற்று. ஹவுரா பாலமும் ஆயிற்று. "இத்தாம்பெரிய பாலத்துல ஒரு நட்டு போல்ட் கிடையாதுங்க, எல்லாம் ரிவிட்டு!" நியூ மார்க்கெட்டையும் சுற்றிவந்து பஸ்ஸில் ஏறியதும் டிரைவரிடம் சொன்னாள்.

"சண்முகம், கரியாஹாட்டுக்கு விடு."

முன் சீட்டிலிருந்து பார்த்தசாரதி திரும்பினார். "அடிச்சது கண்ணுல படலையா?"

"பட்டுதுங்க சார்." அதற்குள் சண்முகம் பஸ்ஸைத் திருப்பியிருந்தார்.

இறங்கிய ஐந்தாவது நிமிடம் வம்பு வந்தது. புடவைக் கடைக்காரர் ஒருவர் வாய் நிறையச் சிரித்து, "ஆஷுன் பௌதி, ஆஷுன்!" என்று கூப்பிட்டார். கூட்டத்தில் வந்திருந்த, திண்டுக்கல்லில் மெஸ் நடத்தும் வசுமதி சரேலென்று திரும்பினாள்.

"யாரைப் பார்த்துடா போடிங்கிறே? பேரன் எடுத்தவடா நானு!"

கடைக்காரர் கையில் புடவையோடு விழித்தார். "இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்றார் பார்த்தசாரதி.

அருக்காணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, அவர் போடிங்கலீங்க. பௌதி! அண்ணின்னு அர்த்தம். உங்களை 'வாங்க அண்ணி'ங்கறாரு."

 வசுமதி இடுப்பில் கை வைத்து, "அப்படியா சேதி! கொழுந்தனாரே, அண்ணிக்கு விலையைக் குறைச்சுச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். இருபத்திரண்டு பேரும் அங்கிருந்து நகர ஏழு மணி ஆகிவிட்டது.

மறுநாள் காலை பவானிபூர் லாட்ஜ் வாசலில் பஸ் நின்றது. புது கைடும் மைக்கோடு நின்றார்.

"நீ ஏறாதே" என்றார் பார்த்தசாரதி.

"பஸ்சு உங்களுதுங்க சார். ஊரு உங்களுது இல்லீங்களே. இன்னைக்குப் பார்க்க வேண்டிய காளிகாட் கோயிலுக்கு மெட்ரோவே போகுது." அவள் லாட்ஜ் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "வர்றவங்க வரலாமுங்க!"

பதின்மூன்று பேர் தலையைக் குனிந்தபடி பஸ் ஏறினார்கள். ஒன்பது பேர் ஏறவில்லை. கரியாஹாட் புடவையைக் கட்டியிருந்த வசுமதி, அருக்காணியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"முன்னால போடி, பௌதி!"