நர்ஸம்மா கேட்டது பெஞ்சு அல்ல

செய்தி பெரம்பலூருக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்தது. தங்கை வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. மூன்றாம் தடவையாகப் பாயசம் வந்தபோது, போதும் போதும் என்று வாயால் சொல்லி, கையால் இலையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அரியலூரிலிருந்து வந்த கண்டக்டர் வாசலில் நின்று, "கிளார்க்கு சார், ஒங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா காலையில தவறிட்டாங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார்.

"எந்த நர்ஸம்மா?" என்று கேட்டேன். எங்கள் தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்றால் தவமணியம்மாள் ஒருவர்தான். தெரிந்தேதான் கேட்டேன். வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று ஒரு அற்ப ஆசை.

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். அதில் படிக்க நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். "நீ பத்திரிகையில தமாஷா எழுதுற ஆளு. இதைக் கொஞ்சம் அடக்கமா எழுதுப்பா. வியாதி பேரெல்லாம் வேணாம்" என்றார்.

அடக்கமா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது சுட்டது. தவமணியம்மாள் அடக்கி அடக்கித்தான் செத்தார். அதை இன்னும் ஒரு முறை அடக்கி எழுத என்னால் ஆகாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மையார் விக்கிரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் கணவரை இழந்து, உறவு முழுவதும் முகம் சுளிக்கத் திருச்சிக்குப் போய் நர்ஸ் வேலை படித்தார். யுத்தம் தொடங்கிய வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வார்டு. நடுவே நான்கு பயிற்சிப் பெண்களுக்குப் பாடம்.

பாடம் என் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நடக்கும். முதல் வாரம் ஜன்னல் விளிம்பில் நான்கு கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் நல்ல பொன்னிறம். நன்னாரி சர்பத் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன்.

"அது எட்டாம் நம்பர் கட்டில் தாத்தாவோடது, கிளார்க்கு சார். வேணும்னா எடுத்துக்குங்க, அவருக்கு இன்னும் வரும்" என்றார் அம்மையார், சிரிக்காமல். பெண்கள் நால்வரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். முதுகுகள் மட்டும் குலுங்கின.

கடைசியாகப் பயிற்சிக்கு வந்த நால்வரில் செல்லம் என்பவள் மீன்சுருட்டிப் பெண். வெட்கம் அதிகம். ஒரு கிழவியிடம் போய், "பாட்டி, சிறுநீர் எப்படி இருக்கு?" என்று அவள் முணுமுணுக்க, கிழவி சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாளாம். அன்று அம்மையார் சொன்னது எனக்கு அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"புஸ்தகத்துல சிறுநீர்னு எழுது. ஆளுகிட்ட மூத்திரம்னு கேளு. எரியுதா, கடுக்குதா, ரத்தம் கலந்து வருதா, ராவுல எத்தனை தடவை எந்திரிக்கிறன்னு கேளு. நீ வெக்கப்பட்டா அவ சொல்ல மாட்டா. அவ சொல்லலன்னா அவ கிட்னி போவும், உன் வெக்கம் போவாது."

இப்படியே பாடம் போகும். கலங்கிய கஞ்சித்தண்ணியாக வந்தால் சீழைச் சந்தேகி. கருப்பட்டித் தண்ணி நிறமென்றால் ரத்தத்தைச் சந்தேகி. கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கில் காய்ச்சு. வெள்ளையாகத் திரிந்தால் இரண்டு சொட்டு ஆசிட் விடு. அப்போதும் கரையவில்லை என்றால் உடம்பின் சத்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. காலையில் முகம் வீங்கினால் கிட்னியை நினை, சாயங்காலம் கால் வீங்கினால் இருதயத்தை நினை. கிளார்க்கு வேலை பார்த்த எனக்கே இவ்வளவு மனப்பாடம் ஆகிவிட்டது.

"பொம்பளைக்கு அந்தக் குழாய் குட்டை. கிருமி ஏறி வரத் தூரம் கம்மி. வந்தா ஒடனே போயிடணும். அடக்கி வெச்சா தேங்குன குட்டை மாதிரி. குட்டையில என்ன வளரும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொன்னவர் எங்கே போனார்? அதுதான் கேள்வி. டாக்டருக்கு அதற்கென்று ஓர் அறை உண்டு. ஆண் நோயாளிகளுக்கு ஒன்று உண்டு. பெண் நோயாளிகளுக்குத் திரைக்குப் பின்னால் பெட்பான். அதை ஊழியர்கள் தங்களுக்கு உபயோகிக்கக்கூடாது என்று உத்தரவு. வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. அம்மையார் குடியிருந்தது ஸ்டேஷன் பக்கம். வார்டை விட்டு அவ்வளவு தூரம் போய்வர முடியாது. அவர்களும் பன்னிரண்டு மணி நேரம் மனுஷிகளாகவே இருப்பார்கள் என்பது கட்டிடம் கட்டியவர்கள் மூளையில் உதிக்கவில்லை.

அம்மையார் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினார். ஒரே வரி. "எனக்கும் பயிற்சிப் பெண்களுக்கும் மூத்திரம் போக இடமில்லை, ஒரு இடம் கட்டித் தர வேண்டும்." அதைக் கமிட்டி முன் வைப்பது என் வேலை. மிராசுதார்கள் சந்தனம் பூசி உட்கார்ந்திருக்கும் சபையில் அந்தச் சொல்லை நான் எப்படிப் படிப்பேன்? எழுத்தாளன் அல்லவா நான். உட்கார்ந்து அழகுபடுத்தினேன். "மேற்படி பெண் ஊழியர்கள் சிரமபரிகாரம் செய்துகொள்ள ஏற்றதோர் வசதி அருள வேண்டுகிறோம்."

தலைவர் மனமிரங்கிவிட்டார். "பாவம், நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருக்குதுங்க. ஒரு பெஞ்சு போட்டுருவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மனு நல்ல தமிழ்ல இருக்கு" என்று ஒருவர் பாராட்டிவிட்டார். அதோடு என் வாய் அடைத்துவிட்டது.

தேக்கு பெஞ்சு வண்டியில் வந்து இறங்கியது. அம்மையார் அதைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எழுதுனது இதுக்கா, கிளார்க்கு சார்?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நாங்க அஞ்சு பேரும் இது மேல ஏறியா போறது?"

இன்னும் கேளுங்கள். இந்தக் கதையை நான் தமாஷாக எழுதிப் புனைபெயரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. அரியலூர்க் கடைத்தெருவே சிரித்தது. அம்மையாரும் படித்தார். "நல்லா இருக்குங்க" என்று பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். "எடம் எப்ப வரும்?"

வரவில்லை. இரண்டாவது மனுவைத் திருத்தாமலே வைத்தேன். தலைவர் அந்தச் சொல்லைக் கண்டதும் காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்தார். "போன வருசம்தானே பெஞ்சு குடுத்தோம்" என்றார்.

அன்று முதல் அம்மையார் தம் டம்ளரையும் கவிழ்த்துவிட்டார். பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்பானையில் தண்ணீர் இருக்கும். கட்டில் கட்டிலாகப் போய், "தண்ணி குடிங்க, நல்லா குடிங்க" என்று நோயாளிகளை அதட்டுவார். பானை மேல் அவர் டம்ளர் காலையிலிருந்து மாலை வரை தலைகீழாக இருக்கும். பெண்களும் அதையே கற்றுக்கொண்டார்கள். அவர் சொல்லிக்கொடுக்காத ஒரே பாடம் அது.

குளிர்காய்ச்சல் வரும். விலாவில் கையை வைத்துக்கொண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். இப்படிப் பல தடவை. சென்ற தை மாதத்தில் ஒரு காலை முகம் உப்பி, கண் இடுங்கி வந்தார். பெண்களைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, தம் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. எழவில்லை.

"பாத்துக்குங்க. பாடத்துக்கு ஆள் தேடி வார்டுக்குப் போவ வேணாம்."

அவர் கொடுத்ததைச் செல்லம்தான் விளக்கில் காய்ச்சினாள். குழாய் முழுவதும் தயிராகத் திரிந்தது. ஆசிட் விட்டும் கரையவில்லை. அவள் கண்ணைத் துடைத்தாள். "அழுவாத. எழுது" என்றார் அம்மையார்.

கடைசி வாரம் அவரைப் பெண்கள் வார்டிலேயே படுக்கவைத்தார்கள். நான் போயிருந்தேன். மூச்சில் ஒரு வாடை, ஓயாத விக்கல். செல்லம் பெட்பானைக் கொண்டுவந்து திரையை இழுத்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எடம் கெடச்சிடுச்சு, கிளார்க்கு சார். இப்பப் பாருங்க, வர மாட்டேங்குது."

நானும் சிரித்தேன். அவர் தமாஷ் செய்தால் சிரிப்பது என் பழக்கம். வெளியே வந்து வேப்பமரத்தில் முட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசி நாள் சார்ட்டில் செல்லத்தின் கையெழுத்தில் இருக்கிறது: "மூத்திரம்: இல்லை." வெட்கப்பட்ட பெண் எழுதியது.

ஒன்றை இதுவரை நானும் அடக்கி வைத்திருந்தேன். என் அறைக்குப் பின்னால் மூன்றாவதாக ஓர் அறை உண்டு. மாதம் ஒருமுறை கூட்டத்துக்கு வரும் கமிட்டியாருக்காகக் கட்டியது. கதவில் "கமிட்டியாருக்கு மட்டும்" என்று என் அழகான எழுத்தில் பலகை. மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி என் மேஜை டிராயரில். அம்மையார் அதை ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. கொடுத்தால் என் வேலை போய்விடுமென்று நான் பயப்படுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கேளாமலே கொடுத்திருக்க வேண்டியவன் நான். ஏழு வருஷம் அந்தச் சாவியின் மேல் பேனாவையும் வெற்றிலைப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டிருந்தேன். கமிட்டியார் மேல் எனக்குள்ள கோபம் பெரிதுதான். என் மேல் உள்ளதற்கு அளவு கிடையாது.

தகனம் முடிந்து திரும்பியதும் பலகையைக் கழற்றிவிட்டு, சாவியைச் செல்லத்திடம் கொடுத்தேன்.

"கமிட்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சுட்டா, சார்?"

"தெரியறதுக்குத்தான் எழுதப் போறேன்" என்றேன்.

கமிட்டியாரே, அம்மையாரின் படத்தைப் பெஞ்சுக்கு மேலே மாட்டப் போவதாகச் சொன்னீர்கள். அந்தப் பெஞ்சுக்கு மேலே மட்டும் வேண்டாம். அவர் கேட்ட இடத்தைக் கட்டுங்கள். அதுவரை சாவி திரும்பி வராது. மூன்றாவது மனுவை இந்தக் கட்டுரையோடு இணைத்திருக்கிறேன். ஒரே வரி, அவருடைய வரி. கூட்டத்தில் அதையும் உரக்கப் படிப்பேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை என்றால், உட்கார எனக்கு ஒரு பெஞ்சு கொடுங்கள்.

நர்ஸம்மா, இன்று காலை தாழ்வாரத்தில் பார்த்தேன். பானை மேல் நான்கு டம்ளர்கள் நிமிர்ந்திருந்தன. உள்ளே ஈரம். உங்களுடையது மட்டும் இன்னும் கவிழ்ந்திருக்கிறது. அதைத் தொட எங்கள் யாருக்கும் கை வரவில்லை. போய் வாருங்கள்.