ஃபேர் பார்க் வாசலில் நீர்மோர்

டாலஸை அடுத்த பிளானோவில் எங்கள் பக்கத்து வீட்டு சிவராமகிருஷ்ணனுக்குக் கார் பந்தயம் என்றாலே எரிச்சல். பந்தயப் பைத்தியம் அவருடைய ஒரே பையன் பசுபதிக்குத்தான். அமெரிக்காவில் கிராண்ட் பிரீ கார் பந்தயம் ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருஷம் டாலஸுக்கே வருகிறது என்று தெரிந்ததும் பையன் குதித்தான்.

"அப்பா, யூ ஹேவ் டு கம் வித் மீ!"

அப்பா பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த டிசம்பரில் ஐஸ் படிந்த ஃப்ரீவேயில் கார் சறுக்கிப் பசுபதி செத்துப்போனான். பத்தொன்பது வயது.

எண்பத்து நாலு ஜூலையில் பந்தயம் வந்தது. ஃபார்முலா ஒன் டாலஸுக்கு வந்தது அந்த ஒரே தடவைதான். வெயில் கொளுத்தித் தள்ளியது. பந்தயம் நடக்கும் ஃபேர் பார்க்கில் தார் ரோடு பெயர்ந்துபோய், ராத்திரியெல்லாம் ஒட்டுப்போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று பதினொரு மணிக்கே பந்தயத்தை வைத்துக்கொண்டார்கள்.

சிவராமகிருஷ்ணன் ஐஸ் பெட்டி நிறைய நீர்மோரோடு, மனைவி ஜலஜாவையும் அழைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். காரை ஓட்டியது நான். பந்தயம் பார்க்க வந்தவர்களில் யாராவது ஒருத்தர் பசுபதி பேரில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஒருத்தரும் தொடவில்லை. நம் ஊரில் கோடையில் மோரை நீட்டினால் யார், எவர் என்று கேட்காமல் வாங்கிக் குடிப்பார்கள். இங்கே சும்மா கொடுத்தாலே சந்தேகம். மிதக்கும் கொத்தமல்லியைப் பார்த்து ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கோக் விற்கும் இடத்தில் வரிசை ரோடு வரை நின்றது.

கடைசியில் சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கிளாஸை வாங்கிக்கொண்டான். பசுபதி வயதுதான் இருக்கும். எதற்காக இப்படிச் சும்மா கொடுக்கிறீர்கள் என்று சிரித்தபடி கேட்டான்.

என் மகனுக்காக என்றார் சிவராமகிருஷ்ணன்.

அவன் எங்கே என்று கேட்டான் பையன்.

அவர் வாசலைக் காட்டி, உள்ளே இருக்கிறான் என்றார்.

வாய் வரை கொண்டுபோன கிளாஸை அந்தப் பையன் பத்திரமாகத் திரும்ப வைத்தான். இந்த வெயிலில் அவனுக்குத்தான் வேண்டியிருக்கும், அவனுக்கு வையுங்கள் என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். நல்ல பையன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜலஜா அழுதாள். "ஏன்னா அப்படிச் சொன்னேள்? குடிச்சிருப்பானே!"

"செத்துட்டான்னு சொல்ல வாய் வரலைடி."