மூதூர் மேடைக்கு ஒரு போத்தல் கசப்புத் தண்ணீர்

காலை எட்டு மணிக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். வவுனியாவிலிருந்து வந்த அலுப்பு இல்லை; பயம்தான் இருந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு மூதூர் வாசிகசாலையில் பேச வேண்டும்.

போன வருஷம் அதே மேடையில், "பசால்ட் என்கிற கரிய எரிமலைக்கல் நிறைந்த நாட்டில் வெளிறிய எரிமலைக்கல் பிறக்கவே பிறக்காது" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். உடனே சபையிலிருந்த நசீரா ரீச்சர் எழும்பி, ஐஸ்லாந்தில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய இரண்டு கற்களைக் காட்டினார். இரண்டும் ஒரே எரிமலை. ஒன்று கரி, மற்றது தேங்காய்ப்பூ நிறம்.

"இதுக்குப் பதில் இல்லாம இனி இந்த மேடையில ஏற ஏலாது, சேர்."

சபை சிரித்தது. நான் பட்டம் படித்தவன் அல்ல. கல்லைப் பற்றி நானாகத் தேடிக் கற்றவன். என் பேச்சை நம்பிக் கேட்க ஆள் இருப்பதுதான் எனக்குள்ள ஒரே மரியாதை. ஒரு வருஷம் வாசித்து விடையைப் பிடித்துவிட்டேன். அதை மனிதருக்கு விளங்கச் சொல்லத்தான் வரவில்லை.

நேரம் கிடந்ததால் ஒன்பது மணி பஸ்ஸில் வடக்கே நிலாவெளிக்குப் போனேன். பதினைந்து கிலோமீற்றர் வரும். அங்கே உப்பளத்தில் வேலை செய்யும் தவமணியக்கா தூரத்துச் சொந்தம். நான் போன நேரம் அவர் ஒருவரைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார்.

"ராசன், மிஞ்சின தண்ணிய வடிக்கச் சொன்னனானெல்லே? உப்பெல்லாம் கசக்கப் போகுது!"

"ஒரே கடல்தண்ணிதானே அக்கா, ஏன் கசக்குது?" என்று கேட்டேன்.

"ஓம், ஒரே தண்ணிதான். காயக் காய முதல் பாத்தியில சுண்ணம் படியும். அடுத்ததில உப்பு. அதுகள் போகப் போக மிச்சத் தண்ணி வேற ஆளா மாறிப்போகும். கசப்பு முழுக்க அதிலதான் நிக்கும்."

நான் துள்ளிவிட்டேன்.

"என்னடாப்பா, நண்டு கடிச்சிட்டுதோ?"

நண்டு இல்லை, விடையைச் சொல்லும் வழிதான் கடித்தது! பூமிக்குள் பசால்ட் குழம்பு ஆறும்போதும் இதுதான் நடக்கிறது. சிலிக்கா, அதாவது வெள்ளை மணலின் சத்து, குறைந்த கரும்பச்சைப் படிகங்கள் முதலில் இறுகிப் படிகின்றன. அவை போகப் போக மிச்சக் குழம்பில் சிலிக்கா கூடுகிறது. அது இறுகினால் வெளிறிய கல். வெயில் செய்வதை அங்கே குளிர்வு செய்கிறது, அவ்வளவுதான். ஒரு போத்தல் மிச்சத் தண்ணீர் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குத் திருகோணமலையில் மூதூர் பஸ். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது கண்டக்டர் போத்தலைப் பார்த்தார். உப்பளத்துத் தண்ணீர் என்றேன்.

"மூதூரில கடல் வத்திப்போச்செண்டு ஆரும் சொன்னவையோ?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான்கு மணிக்கு மேடையில் ஏறாமல் கீழேயே நின்றேன். "போன வருஷம் நான் சொன்னது பிழை" என்று தொடங்கி, பாத்திக் கதையைச் சொல்லி, நசீரா ரீச்சரின் விரலில் ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சரி சேர். ஆனா மிச்சம் கொஞ்சமாத்தானே வரும்? தம்பி வெள்ளைக்கல்லு மலை மலையா இருக்கெண்டு சொல்றான்."

கேள்வி சரியான கேள்வி. இரண்டாவது வழியும் எனக்குத் தெரியும்: தண்ணீர் ஊறிப் புதைந்த பழைய பசால்ட்டைப் புதுக் குழம்பு சூடாக்க, அதில் ஒரு பங்கு மட்டும் உருகும். சொன்னேன். பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள்.

"பொறுங்க" என்று ரீச்சர் சபையைத் திரும்பிப் பார்த்தார். "நேத்தைய மாட்டிறைச்சிக் கறி இறுகிக் கிடக்கு. இளஞ்சூட்டில வச்சா முதல்ல உருகி ஓடுறது என்ன?"

"கொழுப்பு!" என்றார்கள் பெண்கள் எல்லோரும்.

"இறைச்சி அப்படியே கிடக்கும். கல்லுல முதல்ல ஓடுறது சிலிக்கா கூடின பங்கு. அப்படித்தானே சேர்?"

"அதேதான்!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப மேல ஏறுங்க. கழுத்து நோகுது உங்கள எட்டி எட்டிப் பார்க்க."

ஏழு மணிக்குத்தான் விட்டார்கள். எங்கள் வவுனியாவில் நான் பேசினால் மரியாதைக்குத் தலையாட்டி, தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவார்கள். மூதூரில் குறுக்கே கேட்கிறார்கள். பதிலில் பாதியை அவர்களே தருகிறார்கள். இனி எதைப் படித்தாலும் முதலில் இங்கே வந்து சொல்லிப் பார்க்க வேண்டும்.