மஞ்சள் சட்டைக்காரனின் அறுபத்தொரு படங்கள்

முதல் அறை விழுவதற்கு முன்னால் வணக்கம் சொன்னார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். மூன்று பேர் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டு ஸ்டுடியோவுக்குள் வந்தார்கள்.

"தம்பி, நீங்கதானுங்க கண்ணாலப் போட்டோவெல்லாம் ஆன்லைன்ல ஏத்துறது?"

"ஆமாங்க" என்றேன்.

பளார். வாயிலிருந்த சூயிங்கம் பறந்து போய் மானிட்டரில் ஒட்டிக்கொண்டது. காதுக்குள் மிக்ஸி ஓடியது. அடித்தவருக்கு முப்பது வயது இருக்கும். நாலு நாளைக்கு முன்னால் நாங்கள் படம் எடுத்த கல்யாணத்தில், மணப்பெண்ணுடைய சித்தப்பா மகன். அன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றச் சொன்ன மனுஷன்.

கோயம்புத்தூரில் விஸ்காம் முடித்துவிட்டு வந்தவன் நான். திருப்பூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்த ஸ்டுடியோவில் எடிட்டர். முகூர்த்தம் இல்லாத நாளில் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் வேலை. டீ-ஷர்ட்டை ஆள் இல்லாமல் எடுத்தால் போதும், உள்ளே ஒரு வெள்ளைக்காரனைக் கம்ப்யூட்டரே முளைக்க வைத்துவிடும். முகூர்த்த நாளில் கல்யாணம். அதில் நான் கொண்டு வந்த ஐட்டம்தான் முகத்தை வைத்துப் படம் தேடுவது. மண்டப வாசலில் க்யூஆர் கோடு வைப்போம். ஸ்கேன் பண்ணி, ஒரு செல்ஃபி எடுத்தால், ஆயிரக்கணக்கான படங்களில் உங்கள் முகம் இருப்பது மட்டும் உங்கள் போனுக்கு வந்துவிடும். முன்வரிசையில் இருந்தாலும் சரி, பின்னால் மூலையில் மூக்கு நோண்டிக்கொண்டு இருந்தாலும் சரி. அதை நானே கண்டுபிடித்தது மாதிரி மேடையில் மைக்கைப் பிடுங்கி அறிவித்தேன். கூட்டம் கை தட்டியது.

வழக்கமாக எடுத்த படங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்து, பாதிக்கு மேல் கழித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். அதற்கே இரண்டு நாள் ஆகும். இந்தக் கல்யாணத்தில் கெத்துக் காட்ட நினைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் படம் கையில் இருக்க வேண்டும். மூன்று கேமராவையும் நேரடியாக நெட்டில் கோத்து விட்டேன். எடுத்ததெல்லாம் ஏறியது. ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

"பிலிம்ல ரோலுக்கு முப்பத்தாறுதான். எதை எடுக்கறது, எதைக் குடுக்கறதுன்னு ரெண்டு தடவை யோசிப்போம்" என்றார் ஓனர் அண்ணன்.

"அதனாலதாண்ணா உங்க ஆல்பத்துல எல்லாரும் பொணம் மாதிரி நிக்கறாங்க" என்றேன். சிரித்தார். அவரும் அத்தோடு விட்டுவிட்டார்.

தாலி கட்டும் நேரத்தில் இரண்டாவது கேமராக்காரர் பட்டனை அழுத்தியபடியே இருந்திருக்கிறார். செகண்டுக்கு இருபது படம். முன்னால் மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். பின்னால் பச்சைப் புடவையில் மணப்பெண்ணின் சித்தப்பா மகள். பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தன். அவள் தலையில் விழுந்த ஓர் அட்சதை அரிசியை அவன் இரண்டு விரலால் எடுக்கிறான். எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். அவள் கீழே பார்த்துச் சிரிக்கிறாள். நிஜத்தில் ஒரு செகண்டுக்கும் கொஞ்சம் கூட. மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எங்கள் லிங்க்கில் அது இருபத்தாறு படமாகக் கிடந்தது.

மறுநாள் மதியம் அவள் எனக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணா, நான் பொண்ணோட சித்தப்பா புள்ளைங்க. அந்த லிங்க்ல என் போட்டோ கொஞ்சம் இருக்குதுங்ணா. அதை மட்டும் எடுத்துருங்க."

பேசிக்கொண்டே திறந்து பார்த்தேன். அப்போதுதான் முதல் முறை பார்க்கிறேன். "செம ஃப்ரேமுங்க! இதைப் போய் எடுக்கச் சொல்றீங்க?"

"எங்கூட்ல பாத்தா கொன்னு போடுவாங்கண்ணா."

கொன்னு போடுவாங்க என்பது அரியர் விழுந்தால்கூட எல்லோரும் சொல்வதுதானே. எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க மூஞ்சிய வெச்சுத் தேடுனாத்தான் அது வரும். உங்க மூஞ்சி உங்ககிட்டதான இருக்குது? யாருக்குப் போகப் போகுது?"

"சரிங்ணா" என்று வைத்துவிட்டாள். அழிக்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அழிக்கவில்லை. நல்ல ஃப்ரேம் என்பது ஒரு காரணம். சோம்பல் இன்னொன்று.

அதற்கடுத்த நாள் அவள் அண்ணன் அவளுக்கு வரன் பார்க்க ஒரு நல்ல போட்டோ தேடியிருக்கிறார். பச்சைப் புடவையில் அம்சமாக இருந்தாளே என்று லிங்க்கைத் திறந்து, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "கொஞ்சம் சிரி கண்ணு" என்றிருக்கிறார். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். சிரித்தாளாம். இதைப் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள்.

என்னை அறைந்த அந்த அண்ணன் இப்போது என் முன்னால் நின்று போனை நீட்டினார். அட்சதைப் படம்.

"இந்த மஞ்ச சட்டை ஆருங்க?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"எங்க பக்கமும் இல்ல, மாப்ள பக்கமும் இல்ல. மூஞ்சிய வெச்சுத் தேடுனா வரும்னு மைக்குல சொன்னீங்கள்ல? தேடுங்க."

விருந்தாளிகள் அவரவர் முகத்தைக் காட்டித்தான் தேட முடியும். எந்த முகத்தை வேண்டுமானாலும் தொட்டுத் தேடுவது என் லாகினில் மட்டும்தான் முடியும். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"சர்வர் டவுனுங்க" என்றேன்.

கூட வந்தவன் என் இடது கையைப் பிடித்து மேஜை டிராயருக்குள் வைத்தான். குழந்தை கையைத் தொட்டிலுக்குள் வைக்கிற மாதிரி, அவ்வளவு பதவிசாக.

"தங்கச்சியவே கேட்டுருக்கலாமேங்க" என்றேன்.

"கேட்டாச்சுங்க. பல்லு ரெண்டு போச்சு. பேரு வரல."

டிராயர் மூடியது. அந்த வலிக்கு நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஓனர் அண்ணன் உள்ளே இருந்து ஓடி வந்தார். "ஏனுங்க மாப்ள, ஒக்காந்து பேசலாமுங்க" என்றார். யாரும் உட்காரவில்லை. உடனே என் பக்கம் திரும்பினார். "குடுத்துத் தொலைடா. வெரலு போனா என்னத்த எடிட்டு பண்ணுவ?"

இரண்டாவது தடவை டிராயர் மூடியதும் வலது கை தானாக மவுஸுக்குப் போனது. மஞ்சள் சட்டையின் முகத்தைத் தொட்டேன். அறுபத்தொரு படம். பந்தியில், வாசலில், ஐஸ்கிரீம் வாங்க நிற்கையில். ஒன்றில் சட்டைப் பையிலிருந்து கம்பெனி ஐடி கார்டு பாதி வெளியே தொங்கியது. எங்கள் கேமராவில் நல்ல லென்ஸ். பெரிதாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் கத்தி மாதிரி நிற்கும். அந்த லென்ஸை வாங்கச் சொல்லி ஓனரை நச்சரித்ததும் நான்தான். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அவன் பேரும் இருந்தது.

அண்ணன்காரர் ஸ்கிரீனைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். "வர்றமுங்க" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

பல் போன பிறகும் அவள் பேரைச் சொல்லவில்லை. நான் இரண்டு விரல் நசுங்கியதும் சொல்லிவிட்டேன். ஐஸ் கொண்டு வந்த ஓனரைத் தள்ளிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். போய் என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை. இடது கை வீங்கி ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை. ஒற்றைக் கையில், கெட்ட வார்த்தையாகக் கத்திக்கொண்டு ஓட்டினேன்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம். எதிரே இருந்த பேக்கரி வாசலில் கூட்டம். நடுவில் அவன் கிடந்தான். முதலில் பிளாஸ்டிக் சேரால் அடித்திருக்கிறார்கள், அது உடைந்து கிடந்தது. இப்போது அண்ணன்காரர் கையில் ஜாக்கி ராடு. சுற்றிலும் போன்கள். ஒரு ஆள் படம் முழுசாக வர வேண்டுமென்று போனைப் படுக்கவாட்டில் திருப்பினான். கண்ணாலே பார்த்தேன். அவன் நிற்கும் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"எண்ணே, என்னைய அடிச்சுக்கிடுங்க. அவள அடிக்காதிய!" என்று கீழே கிடந்தவன் கத்தினான். தெற்கத்திப் பேச்சு.

"எந்த ஊர்லருந்து வந்து எவ தலையிலடா கை வெக்கற?"

முகத்தை மறைத்திருந்த கையில் ராடு இறங்கியது. பச்சைக் கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணன்காரரின் பின்மண்டையில் ஓங்கி அடித்தேன். பிறந்ததிலிருந்து நான் யாரையும் அடித்ததில்லை. அவர் திரும்பினார். ஆச்சரியமாகத்தான் பார்த்தார். மூக்கிலேயே இன்னொன்று வைத்தேன். ரத்தம் என் சட்டையில் தெறித்தது, நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்குவதற்குள் மற்ற இரண்டு பேரும் என்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். விலாவில் எதுவோ நகர்ந்தது. ஒரு போன் எனக்கு மிக அருகில் குனிந்து வந்தது.

எங்களைக் காப்பாற்றியது மஞ்சள் சட்டைக்காரனின் லைனில் தைக்கிற வடக்கத்திப் பையன்கள். அந்தக் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் அவர்கள் கை சும்மா இருந்தது. "சோட்! சோட்!" என்று இந்தியில் விடச் சொல்லிக் கத்திக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் பாய்ந்தார்கள். அண்ணன்காரரும் ஆட்களும் வண்டியேறிப் போனார்கள்.

ஸ்டேஷனில் இரு தரப்புத் தகராறு என்று எழுதி முடித்தார்கள். திரும்பி வந்து முதல் வேலையாக லிங்க் மொத்தத்தையும் அழித்தேன். அதை அழிப்பதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் மஞ்சள் சட்டைக்காரனின் முறிந்த கைக்குள் பிளேட் வைத்தார்கள். ஆறாம் நாள் அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீட்டிலிருந்து கட்டிய துணியோடு வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பேரும் அன்றே ஊரை விட்டுப் போனார்கள். என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டார் தேடுகிறார்களா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் தேடினார்கள். பஸ் ஸ்டாண்டில், அவன் கம்பெனியில், எங்கள் ஸ்டுடியோவில்கூட. பிறகு ஒரு நாள் மணப்பெண் வீட்டிலிருந்து ஓனருக்குப் போன் வந்தது. ஆல்பத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டுமாம். சித்தப்பா மகள் எந்தப் படத்திலும் இருக்கக் கூடாது.

"நாங்க தலை முழுகிட்டமுங்க. அப்படி ஒரு புள்ளை எங்கூட்ல பொறக்கவே இல்ல" என்று ஸ்பீக்கரில் சித்தப்பாவின் குரல். அவளைப் பெற்ற அப்பா.

ஓனர் என்னைப் பார்த்தார். "முடியாதுன்னு சொல்லீட்டாலும் சரிடா" என்றார்.

"குடுங்கண்ணா, நான் பண்றேன்."

அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். நாலு செகண்டில் ஆள் இருக்க மாட்டாள். அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் தானே யோசித்து நிரப்பிவிடும். ஒரு படத்தில் வாழைமரம் வைத்தது. ஒன்றில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கிழவரை உண்டாக்கி உட்கார வைத்தது. படம் படமாகக் கொன்றேன். நிழலைக்கூட விடவில்லை. எவனாவது உற்றுப் பார்த்து அவள் ஞாபகம் வந்து, மறுபடி கோபம் வந்துவிடக் கூடாது.

முடித்த அன்று மதியம் அவளைக் கூப்பிட்டேன்.

"ஆல்பத்துலருந்து உன்னைய அழிக்கச் சொல்லீட்டாங்க. தலை முழுகிட்டாங்களாம். இனி தேட மாட்டாங்க."

"அழிச்சிட்டீங்களாண்ணா?"

"அழிச்சிட்டேன்."

"தெரியாத மாதிரிதான?"

"துளி தெரியாது."

முன்பல் இல்லாததால் அவள் மூச்சு விசில் மாதிரி வந்தது. "தாலி கட்டறப்ப அக்காவுக்குப் பின்னால நின்னேனுங்களே. அங்க இப்ப என்ன இருக்குது?"

"குத்துவிளக்கு."

"பெருசா?"

"உன் ஒசரம்."

"சரிங்ணா" என்றாள். "வெக்கட்டுங்களா? இவரு கை இன்னும் மடங்க மாட்டீங்குது. நான்தான் சோறு ஊட்டோணும்."